பாறையா, அயிலையா, சும்மாவா

ஏட்டி லில்லி, நான் கேள்விப்பட்டது உள்ளதுதானா? உனக்க மருமவன் துபாயிலேருந்து கொண்டுவந்த பெட்டியில பிள்ளைக்கு ஒரு கவுனுகூட இல்லியாமே. கிட்டாரும் கம்ப்யூட்டரும் வயருமாத்தான் இருந்துதாம். மீன்காரி ஸ்டெல்லா சொல்லிட்டுப் போறா. மூஞ்சியத் தூக்காத, நான் குத்தம் சொல்ல வரல்ல. நேத்து குருசடிகிட்ட நிக்கும்போ அவன் எனக்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? "பிலோமி மாமி, நீங்க தக்கலையில ஸ்டூடியோவுல இருந்தவியல்லா? எலக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த கம்ப்ரசர் நல்லதுன்னு உங்க சார் சொல்லுவாவ?"ன்னு கேக்கான்.

எனக்கு உள்ளுக்குள்ள அப்படியே குளுந்து போச்சு, கேட்டியா. இந்தத் தெருவுல எல்லாவளும் நான் அங்க தூத்துப் பெருக்கப் போனேன்னுதான் நெனச்சிட்டிருக்காளுவ. பெருக்கினேன், இல்லன்னு சொல்லல்ல. ஆனா எனக்க சோலி அதில்ல. இரி, சாயா போடுதேன். அதுக்கு மின்ன அந்த மோட்டாரு சுவிச்ச ஒண்ணு அமுக்கிட்டு வா, டேங்குல தண்ணி ஏறட்டு.

எனக்க சோலி என்னன்னு சொன்னா நீ சிரிப்ப. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா? அதுக்குத்தான் சம்பளம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எனக்கு முட்டு போச்சு. அதுவர மணவாளக்குறிச்சியில மீனெடுத்து தக்கலை வர கொண்டுபோயி வித்தவதானே நான். தக்கலையில ஒரு துணிக்கடைக்கு மேல மாடியில ஜெபராஜ் சார் பாட்டு பதியுற ஸ்டூடியோ வச்சிருந்தாவ. மாதா பாட்டு, கன்வென்ஷன் பாட்டு, கல்யாண வீட்டுப் பாட்டு, எல்லாம் அங்க வரும். அவியளுக்க அம்மைக்கு நான் வாடிக்கையா மீன் குடுப்பேன். அந்த அம்மைதான் சொன்னாவ, "பிலோமிக்கு இனி சுமடு ஆவாதுடே, மாடியில வச்சுக்கோ"ன்னு. முட்டு வலிக்காரிய மாடிப்படி ஏத்தின புத்திய பாத்தியா! ஆனா மனசு நல்ல மனசு.

போன மொத நாளே சார் யாருட்டயோ போனுல சொல்லுகாவ, "கிட்டாருக்கு ஒரு கம்ப்ரசர் போடணும்"ன்னு. எனக்குத் தெரிஞ்ச கம்ப்ரசர் பஞ்சர் கடையில டமடமன்னு அடிக்குமே, அதுதான். கிட்டாருக்கு என்னத்துக்குக் காத்து அடிக்காவன்னு நெனச்சேன். பெறவு அவியளே "அது ப்ளக்-இன்னு அக்கா, கம்ப்யூட்டருக்குள்ள வரும்"னாவ. நான் சுவத்துல ப்ளக்கத் தேடினேன். சார் சிரிக்கல்ல. சார் எதுக்கும் லேசுல சிரிக்க மாட்டாவ. பக்கத்துல கூப்பிட்டு, திரையில அந்தப் படத்தக் காட்டினாவ. ஒரு பெட்டிபோல படம், திருகு நாலஞ்சு, நடுவுல ஒரு முள்ளு ஆடுது. அவ்வளவுதான் கம்ப்ரசர்.

அது என்ன செய்யும்னா, நம்ம கோயில்ல பாட்டுக்குப் பிள்ளையள நிறுத்துற சிஸ்டர் செய்யுறதுதான். தொண்டைய கிழிக்குறவ தோளுல கைய வச்சு அமுக்குவாவ, பயந்து முணுமுணுக்குறவள முன்னால தள்ளுவாவ. அப்ப எல்லாம் ஒருமட்டா கேக்கும். கிட்டாரு கம்பியில ஒண்ணு ஓங்கித் தெறிக்கும், ஒண்ணு செத்தாப்பல விழும். ஓங்கினத இது அமுக்கும், விழுந்தத தூக்கும். அமுக்குற விதந்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணு கம்பியில கை படுறதுக்கு மின்னயே வந்து பிடிச்சிரும், கிட்டாரு போத்திக்கிட்டு படுத்தாப்பல ஆயிரும். ஒண்ணு அந்த மொத 'டிங்'க விட்டுட்டு, வாலப் பிடிக்கும். சார் எப்பமும் சொல்லுவாவ, "கை பட்டது தெரியணும் அக்கா. கை படாத கிட்டாரு எதுக்கு?"

இதுல எனக்கு என்ன சோலின்னு கேக்கியா? சொல்லுகேன்.

வாசிக்க வாற பயலுவ வந்ததும் திரையப் பாப்பானுவ. பெரிய பேரு உள்ளது, வெள்ளக்காரன் வச்சிருக்கது, வெல கூடினது, அதக் கண்டா உடனே "ஆஹா சார், இதுதான் சார்"னு தலைய ஆட்டுவானுவ. கேக்குறதுக்கு மின்னயே தலை ஆடிரும். சார் சொன்னாவ, "எனக்கும் அப்படித்தான் அக்கா. எனக்க கண்ணு கேக்குது, காது சும்மா இரிக்கு." அதனால யாராவது அமுக்கித் தரணும், சார் பாக்காம கேக்கணும். அமுக்குறவனுக்கும் பேரு தெரியக்கூடாது. பேரு தெரிஞ்சவன் மூச்சு விட்டாலே காட்டிக் குடுத்துருவானாம். மின்ன ஒரு டிகிரி படிச்ச பையன வச்சுப் பாத்திருக்காவ. நல்லது வரும்போ அவன் நாற்காலி கிறீச்சுன்னுமாம். அப்பத்தான் எழுத்து தெரியாத நான் கண்ணுல பட்டேன்.

முறை சொல்லுகேன் கேளு, இது எனக்கு இப்பமும் மனப்பாடம். மொதல்ல சார் எல்லாத்துக்கும் சத்தத்த ஒருமட்டா ஆக்குவாவ. அதுக்கே அதிக நேரம் எடுக்கும். சத்தம் ஒரு துளி கூடினது எதுவும் நல்லதுபோல தோணும்னு சொல்லுவாவ. எனக்கு அது சொல்லித் தரவேண்டாம். சந்தையில எவ தொண்ட பெருசோ அவளுக்க மீனுதான் புதுசுன்னு ஆளு கூடும், நான் பாக்காததா? பெறவு திரையில படங்கள வரிசையா வைப்பாவ. அதுல ஒண்ணு எப்பமும் ஒண்ணுமே போடாததா இரிக்கணும். வாசிச்சபடி, சும்மா. பெறவு சார் முக்காலியத் திருப்பிப் போட்டு சுவத்தப் பாத்து இரிப்பாவ. ஒரு நாள் எதுக்க உள்ள கண்ணாடியில திரை நிழலாடுனதக் கண்டுட்டாவ. அதுலேருந்து தலையையும் மொகத்தையும் மூடி ஒரு பச்சத் துவர்த்துத் துண்டு. ஆளு செத்த துட்டி வீட்டுல இரிக்காப்பல இரிப்பாவ. நான் எலியப் பிடிச்சு ஒண்ணொண்ணா அமுக்கணும், வரிசைய மாத்தி மாத்தி. எலின்னா அந்த மவுசு. சார் "இது பிடிக்குது", "இது விடுது", "இது கூடுதல்", "இது கொறவு"ன்னு சொல்லுவாவ. "நல்லாருக்கு"ங்கிற வார்த்தைக்கு அந்த ரூமுல எடமே கெடையாது. "சோறுதான் அக்கா நல்லாருக்கும். சத்தம் ஒண்ணு கூடும், இல்ல கொறயும்." கடைசியா ஒண்ணச் சொல்லி, "இது எது?"ன்னு கேப்பாவ. அப்ப நான் வாயத் தொறந்து சொல்லணும். அதுவர மூச்சு விடப்படாது.

பேரு வாசிக்கத் தெரியாதே, எப்படிச் சொல்லுவ? நான் மீன் பேரு வச்சேன்! நீலமும் பச்சையுமா மினுங்குறது அயிலை. பொடிசா ஓரமா இரிக்குறது நெத்திலி, தொட்டும் தொடாம அமுக்கும். பெருசா, தடியா, கருத்த முகத்தோட, மேல விழுந்து அமுக்குறது பாறை. ஒண்ணும் போடாதது சும்மா. பைய சாரும் அப்படியே பழகிட்டாவ. "அக்கா, அயிலையக் கொறச்சு நெத்திலிய வையுங்க"ம்பாவ. மார்த்தாண்டத்திலேருந்து கிட்டாரு வாசிக்க வந்த ஒரு அண்ணன் மத்தியானம் வர இருந்து பாத்துட்டு, "ஊணு எப்ப சார்?"னு கேட்டுப்போட்டாரு. அன்னைக்குத்தான் சாரு சிரிச்சத நான் பாத்தேன்.

பின்ன ஒண்ணு. கொஞ்ச நாளு கழிச்சு சார் துவர்த்துக்குள்ள இருந்தபடியே "இது பாறை"ன்னாவ, நான் அமுக்குறதுக்கு மின்னயே. எனக்கு அதிசயமா போச்சு. "அக்கா, பாறை வலத்தோரம் இரிக்கு. அதுக்குக் கைய நீட்டும்போ உங்க வளையலு கிலுங்குது." அதுலேருந்து எனக்க வளையலு வேல நேரத்துல முழங்கைக்கு மேல ஏத்தி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கும். பஸ்ஸுல வரும்போ அத எறக்க மறந்து எத்தன நாளு வந்திருக்கேன். நீகூட ஒருநா கேட்டியே, கையில என்ன கட்டுன்னு.

சாயாவுக்கு இனிப்பு போருமா? குடி.

இனி சொல்லப்போறது செல்வினுக்க காரியம். நம்ம மெர்சிக்க மாப்பிள்ள செல்வின்தான். அவன் கீரிப்பாறை பக்கத்துப் பய, மலையில பிறந்தவன். இஞ்ச மெர்சியக் கெட்டி கடலோரம் வந்தவன்னு உனக்குத் தெரியும். ரப்பர் ஷீட்டு அடிக்கிற மெஷின் உருளையில எடது கை மோதிர வெரலு நசுங்கினது கல்யாணத்துக்கு மின்ன. ஆறிப்போச்சு, ஆனா வெறச்சுப் போச்சு. அந்தக் கையாலதான் கம்பிய அமுக்கணும். பாக்குறவனுக்குத் தெரியாது. அவன் நல்லா வாசிப்பான்னுதான் எல்லாரும் சொன்னாவ, கோயில்ல எல்லாரும் சேந்து பாடும்போ எது கேக்குது?

மஸ்கட்டுல நம்ம ஊர்க்காரரு ஒருத்தர் பாட்டுக் குழு வச்சிருந்தாரு. ஹோட்டலுல, கல்யாணத்துல மேடையேறி வாசிக்கிற கூட்டம். ஒரு கிட்டார்காரன் வேணும், வாசிச்சத பதிஞ்சு அனுப்பு, பிடிச்சா விசா அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. மெஷின் சோலிக்கு இனிப் போவ முடியாது, கடலுக்குப் போவவும் தெரியாது. அவனுக்கு உள்ளது அந்தக் கிட்டாரு ஒண்ணுதான். மெர்சி கைப்பிள்ளையோட வந்து வெளிய பெஞ்சில இருந்தா. நான் சாயா கொண்டு குடுக்கும்போ கையப் பிடிச்சா.

"மாமி, அந்த வெரலு உள்ள கேக்குதா?"

"கதவு அடச்சிருக்குல்லா பிள்ள, எனக்கென்ன தெரியும்?"ன்னேன். உள்ளதச் சொன்னா, கேட்டுது. அந்த வெரலு பட்ட எடத்துல எல்லாம் சத்தம் பாதியில செத்துச்சு. பாட்டு ஓடுது, ஒரு எடத்துல கால் தடுக்குது, மறுபடி ஓடுது. சாரும் கேட்டாவ. வாசிச்சு முடிச்சு அவன் வேர்வையத் தொடச்சிட்டு வரும்போ, சார் அவனுக்குத் தண்ணி குடுத்தாவ. பெறவு அந்தப் பச்சத் துவர்த்த எடுத்து அவனுக்க கையில குடுத்தாவ.

அந்த முக்காலியில சாரத் தவிர ஒருத்தரும் இருந்து நான் பாத்ததில்ல.

"தம்பி, மேடையில நிக்கப் போறது நீரு. தெரிஞ்செடுக்க வேண்டியதும் நீருதான்"னாவ சார். அவியளும் எனக்கு முதுகக் காட்டிச் சுவத்தப் பாத்து நின்னாவ.

நான் வளையல ஏத்தினேன். அயிலைய அமுக்கினேன். "இது பரவால்ல"ன்னான். நெத்திலி. "இதுவும் கொள்ளாம்." பெறவு சும்மாவ அமுக்கினேன். துவர்த்துக்குள்ள அவன் தலைய ஆட்டுறான். "அய்யே, இது வேண்டாம் சார். இது கெடுத்துப்போடுது. நான் வாசிச்ச சத்தத்த நடுவுல வச்சுக் கொல்லுது. இத மொதல்ல தூக்கிருங்க."

சாருக்க முதுகு அசையல்ல. நான் பாறைய அமுக்கினேன். அந்தச் செத்த எடமெல்லாம் அப்படியே நீண்டு, நெறஞ்சு, ஒண்ணோடு ஒண்ணு கோத்துக்கிட்டு ஓடுது. செல்வின் துவர்த்துக்குள்ள சிரிச்சான். "இது தெரியுது சார். இதுல ஒண்ணும் போடல்ல. இதுதான் எனக்க கை."

ஏட்டி, நான் எத்தனையோ துட்டி வீட்டுக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு பாரம் நெஞ்சுல ஏறினதில்ல. அவன் கள்ளம் பேசல்ல பாத்துக்கோ. வெரலு நசுங்கினபெறவு வீட்டுல வயரு மாட்டாம, சத்தம் செரியா கேக்காமத்தான் வாசிச்சுப் பழகினான். அவனுக்க மனசுல பழைய கை இருந்துக்கிட்டு வாசிக்குது. அதத்தான் கேட்டுட்டிருந்திருக்கான்.

"அக்கா, இது எது?"ன்னாவ சார்.

நான் தலை தூக்கினா, கதவு தொறந்திருக்கு. மெர்சி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கா. அவளுக்கு வாசிக்கத் தெரியும்லா? திரையில எந்தப் பெட்டி போட்டிருக்குன்னு வாசிச்சிட்டா. என்னப் பாத்துத் தலைய இப்படி, பைய, அசைக்குறா. வேண்டாம் மாமின்னு. அந்தப் பிள்ள வேற எனக்க மொகத்தப் பாத்து கையக் கையக் காட்டுது. 'சும்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னா போரும். அவன் சந்தோசமா எந்திரிப்பான், சி.டி. மஸ்கட்டு போவும்.

"பாறை"ன்னேன்.

செல்வினுக்கு ஒண்ணும் புரியல்ல. துவர்த்த எடுத்துட்டு, "மீனா, மாமி?"ன்னு சிரிக்கான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இப்பமும் பொறுக்கமாட்டேங்குது. அமுக்கினவதான் சொல்லணும், அதுதானே முறை. நான் சொன்னேன், "மக்கா, பாறைங்கது மேல ஏறி அமுக்குறது, இங்க உள்ளதுலயே பெலமானது. நீ கெடுக்குதுன்னு சொன்னதுலதான் ஒண்ணும் போடல்ல."

மெர்சிதான் மொதல்ல பேசினா. "அதுக்கென்ன சார்? அத வச்சே அனுப்புங்க. அங்க போயும் அந்தப் பெட்டியப் போட்டு வாசிக்கட்டு."

சார் மெதுவா சொன்னாவ, "இவ்வளவு அமுக்கித் தூக்கினா மேடையில ஸ்பீக்கர் கூவும் மோளே. இவரு சும்மா நிக்கும்போகூட கூவும். அங்க அவியளுக்கு நேர்ல தெரியும். திருப்பி அனுப்புவாவ. இஞ்ச தெரியுறது கொள்ளாமா, அங்க தெரியுறது கொள்ளாமா, அத நீங்க ரெண்டுபேரும் பேசுங்க."

செல்வின் துவர்த்த மறுபடி தலையில போட்டுட்டு சுவத்தப் பாத்துத் திரும்பிட்டான். "மாமி, அந்த சும்மாவ ஒருக்கா போடுங்க." போட்டேன். "ஒருக்கா கூட." போட்டேன். செத்த எடம் வரும்போ எல்லாம் அந்த வெரல தொடையில ஒரு தட்டு தட்டுவான். பைய தட்டுறது சத்தத்துக்கு மின்னயே வர ஆரம்பிச்சுது. எங்கெங்க தடுக்குதுன்னு படிச்சுட்டான். துவர்த்து எடுக்கும்போ அது நனஞ்சிருந்துது. வேர்வையா என்னன்னு நான் பாக்கல்ல. அன்னைக்கு ஒண்ணும் அனுப்பல்ல. கிட்டார உறையில போட்டு, சார்ட்ட "வாறேன்"னு சொல்லிட்டு எறங்கிப் போனான். மெர்சி படியில வச்சு என்ன ஒரு பார்வ பாத்தா. "ஒரு வார்த்த, மாமி. ஒரே ஒரு வார்த்த"ன்னா.

அவிய ரெண்டுபேரும் போனபெறவு நான் சார்ட்ட கேட்டேன், நான் சொன்னது செரியா தப்பான்னு. சார் முக்காலியப் பழைய எடத்துல வச்சுக்கிட்டு, "கூடவும் இல்ல, கொறயவும் இல்ல அக்கா"ன்னாவ. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனா எனக்கு அன்னைக்கு அது போருமா இருந்துது.

மண்டைக்காட்டுக் கொடை முடிஞ்சபெறவு செல்வின் ஒருநா தனியா வந்தான். மோதிர வெரலுக்கு வாசிக்க வேண்டியத சுண்டுவெரலுக்கு மாத்திப் படிச்சிருக்கான். சுண்டுவெரலு நுனி காப்புக் காச்சு மரக்கட்டபோல இரிக்கு. மாத்த முடியாத எடம் ஒண்ணு ரெண்டு உண்டு, அங்க அவனே நிறுத்திக்கிட்டான், ஒரு மூச்சு எடுக்காப்பல. மறுபடி துவர்த்து போட்டான். நான் சும்மாவ அமுக்கின ஒடனே, "இதுதான் நான்"னான். "இதுக்குமேல நெத்திலி மட்டும் போரும் சார். தொட்டா போரும், அமுக்க வேண்டாம்." அந்தப் பதிவு மஸ்கட்டு போச்சு. அங்கேருந்து பதிலும் வந்துது. பிடிச்சிருக்கு, ஆனா எடம் நெறஞ்சாச்சு, வேற ஒருத்தன் வந்துட்டான்னு.

அப்படி, அவன் போவல்ல. அது அப்படித்தான் முடிஞ்சுது. இப்ப கல்யாண வீடுகளுக்கு வாசிக்கான், பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கான். கஞ்சி குடிச்சுப் போவும், அவ்வளவுதான். மஸ்கட்டுக்குப் போயிருந்தா வீடு வச்சிருப்பானா, இல்ல திரும்பி வந்திருப்பானா, யாருக்குத் தெரியும்? மெர்சி எனக்கிட்ட ரெம்ப நாளு பேசல்ல. மீன் வாங்குற எடத்துல என்னக் கண்டா முக்காட்ட இழுத்துவிட்டுட்டுப் போவா.

எனக்கு கண்ணு ஆப்பரேஷன் செய்தபெறவு திரையப் பாக்கப்படாதுன்னாவ, அதோட நின்னுட்டேன். சாருக்கும் வயசாச்சு, எடத்த ஒரு சின்னப் பையன்ட்ட விட்டிருக்காவ. இப்ப கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே எடுத்துக் குடுக்குமாம். அமுக்க ஆளு வேண்டாமாம். உனக்க மருமவன்ட்ட சொல்லு, எது நல்லதுன்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. நான் அமுக்கினவ, அவ்வளவுதான். வேணும்னா ஒரு துவர்த்தோட வரட்டு. ஆனா ஒண்ணு, சும்மாங்கிறதும் வரிசையில இரிக்கணும். அது இல்லாம நான் அமுக்க மாட்டேன்.

கடந்த ஞாயித்துக்கெழம பூசையில செல்வின் வாசிச்சான், நீ கவனிச்சியா? காணிக்கப் பாட்டுக்கு. அவனா நிறுத்துற அந்த எடம் உண்டுல்லா, இப்ப அங்க பாடுற பிள்ளையளும் நிறுத்திப் பழகிட்டுதுவ. கோயிலே ஒரு மூச்சு நிக்கும். மெர்சி எப்பமும் எனக்கு மின்ன வரிசையிலதான் இரிப்பா. அந்த எடம் வரும்போ எல்லாம் திரும்பி என்ன ஒரு பார்வ பாப்பா, வருஷக்கணக்கா. மின்ன அது கோவம், எனக்குத் தெரியும். இந்த ஞாயித்துக்கெழம திரும்பினப்ப கோவம் இல்ல ஏட்டி. பக்கத்துல உள்ள எடத்துலேருந்து அவளுக்க கைப்பைய எடுத்து மடியில வச்சா. எடம் எனக்குத்தானா, இல்ல சும்மா எடுத்து வச்சாளா, நான் எந்திரிக்கவா வேண்டாமான்னு…

அம்மோ, தண்ணி சத்தம் கேக்கல்லியா உனக்கு? டேங்கு நெறஞ்சு சுவரெல்லாம் ஒழுகுது! நீ இரி, சாயாவக் குடி. சுவிச்ச நான் போயி அமுக்கிட்டு வாறேன்.